தகிட தக: டேவ் ப்ரூபெக் பற்றி வாசகர் கேள்விகள்

போன இதழில் ஒரு பதிலுக்கு நடுவே, ஐந்து எண்ணிக்கையில் ஓடும் 'டேக் ஃபைவ்' என்ற ஜாஸ் பாட்டை ஒருதடவை கேட்டுப் பாருங்கள் என்று போகிற போக்கில் எழுதியிருந்தேன். நிறைய பேர் கேட்டிருக்கிறீர்கள். கடிதங்கள் இன்னும் வந்துகொண்டே இருக்கின்றன. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, அந்தப் பாட்டை உலகமெல்லாம் கொண்டுபோன டேவ் ப்ரூபெக்கைப் பற்றி மட்டும் இந்தத் தடவை பேசலாம். அமெரிக்கப் பியானோக் கலைஞர், இசையமைப்பாளர். 1920 டிசம்பரில் கலிஃபோர்னியாவில் பிறந்து, 2012 டிசம்பரில், 92-ஆவது பிறந்தநாளுக்குச் சரியாக ஒரு நாள் முன்னால் காலமானவர்.

கேட்டேன். அப்படியே கண்ட சாபு! நம்மிடமிருந்து எடுத்ததுதானே?
— வாசகர், கும்பகோணம்

உங்கள் காது சரியாகத்தான் சொல்கிறது, முடிவுதான் கொஞ்சம் அவசரம். நம் கர்நாடக இசையின் ஐந்து எண்ணிக்கைத் தாளமான கண்ட சாபுவை நாம் தக தகிட என்று இரண்டும் மூன்றுமாகப் போடுகிறோம். டேக் ஃபைவில் அது திரும்பி நிற்கும்: தகிட தக, அதாவது முதலில் மூன்று, அப்புறம் இரண்டு. ப்ரூபெக்கின் பியானோ ஆரம்பத்திலிருந்து கடைசிவரை அந்த ஒரே அடியைத்தான் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். தொடையில் தட்டிக்கொண்டே கேட்டால் இரண்டு நிமிடத்தில் பிடிபட்டுவிடும். திருப்புகழ் பாடுகிற வீட்டில் வளர்ந்தவருக்கு இது புதிதே இல்லை. ஆனால் அது வந்த 1959-இல் அமெரிக்க ஜாஸ் ஏறக்குறைய முழுக்க நாலு எண்ணிக்கையில்தான் நடந்துகொண்டிருந்தது, எப்போதாவது மூன்று. ஐந்தில் ஒரு பாட்டை எவன் ஆடுவான் என்பதுதான் இசைத்தட்டு நிறுவனத்துக்காரர்களின் கவலையாக இருந்தது.

அந்த ஐந்து எங்கிருந்து வந்தது என்றால், பக்கத்திலிருந்தே வந்தது. குழுவின் டிரம்ஸ் கலைஞர் ஜோ மொரெல்லோ, கச்சேரிக்கு முன்னால் மேடைக்குப் பின்புறம் சும்மா இருக்க மாட்டார், ஐந்தில் எதையாவது வாசித்துக்கொண்டிருப்பார், சாக்ஸபோன் வாசித்த பால் டெஸ்மண்ட் அதன்மேல் ஏதாவது ஊதிப் பார்ப்பார். இதைக் கேட்டுக்கொண்டிருந்த ப்ரூபெக், இந்தத் தாளத்துக்கு ஒரு மெட்டு எழுதிக்கொண்டு வா என்று டெஸ்மண்டிடம் சொன்னார். டெஸ்மண்ட் கொண்டுவந்தது ஒன்றோடொன்று சேராத இரண்டு துண்டுகள். முழுப் பாட்டாக அவருக்கு அது கூடிவரவில்லை. ப்ரூபெக் அந்த இரண்டையும் பார்த்துவிட்டு, இதைப் பல்லவி மாதிரி முன்னாலும் பின்னாலும் வை, அதை நடுவில் வை என்று அடுக்கிக் கொடுத்தார். ஒலிப்பதிவின் முதல் நாளில் திரும்பத் திரும்ப முயன்றும் யாராவது ஒருவர் எண்ணிக்கையில் சறுக்கிவிட்டார்கள். விட்டுவிட்டு இன்னொரு நாள் வந்துதான் முடித்தார்கள்.

அதே இசைத்தட்டில் முதல் பாட்டாக இருக்கும் 'ப்ளூ ரோண்டோ ஆ லா டர்க்' என்பதற்கு மட்டும் வேறு ஊர்க் கடன் உண்டு. 1958-இல் இஸ்தான்புல் தெருவில் ப்ரூபெக் நடந்து போகும்போது, தெருவில் வாசிக்கிறவர்கள் ஒன்பது எண்ணிக்கையில் வெளுத்துக்கட்டிக்கொண்டிருந்தார்கள். நாம் ஒன்பது என்றால் மூன்று மூன்றாகவோ நாலும் ஐந்துமாகவோ தட்டத் தொடங்குவோம். அவர்கள் வாசித்தது தக தக தக தகிட. அங்கிருந்த வானொலி இசைக்கலைஞர்களிடம் போய் இது என்ன தாளம் என்று கேட்டால், அத்தனை பேரும் உடனே அதில் வாசிக்கத் தொடங்கிவிட்டார்களாம், உங்களுக்கு ப்ளூஸ் எப்படியோ எங்களுக்கு இது அப்படி என்று சொன்னார்களாம். ப்ளூஸ் என்பது ஜாஸுக்கே வேரான கறுப்பின அமெரிக்கப் பாட்டு வகை. அந்தப் பாட்டைக் கேளுங்கள், ஒன்பதில் பாய்ந்துகொண்டே வந்து, திடீரென்று நாலில் ப்ளூஸுக்குள் இறங்கும். அந்த ஊர்க்காரர்கள் சொன்னதை அப்படியே இசையில் எழுதியிருக்கிறார்.

நம் பக்கத் தொடர்பு ஒன்று இருக்கிறது. அது கீழே வருகிறது.

அப்படியானால் டேக் ஃபைவ் ப்ரூபெக் எழுதியது இல்லையா? எல்லா இடத்திலும் அவர் பெயரைத்தானே போடுகிறார்கள்?
— கல்லூரி மாணவி, கோவை

இல்லை. எழுதியவர் என்று போடவேண்டிய பெயர் பால் டெஸ்மண்ட். ப்ரூபெக்கும் கேட்டவர்களிடமெல்லாம் அதைத்தான் சொன்னார். டெஸ்மண்ட் 1977-இல் புற்றுநோயில் இறந்தபோது, அந்தப் பாட்டின் உரிமைத் தொகையைச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார். இன்றைக்கும் எங்கேயாவது ஒரு விளம்பரத்தில் அது ஒலித்தால் பணம் அங்கேதான் போகிறது.

அந்த இசைத்தட்டில் மற்ற எல்லாமே ப்ரூபெக் எழுதியவைதான். 'டைம் அவுட்' என்று பெயர். புது மெட்டுகள் மட்டும், ஒரு பழைய பிரபலப் பாட்டுகூட இல்லை, நடனத்துக்கு ஆகாத தாளங்கள், அட்டையில் கலைஞர்களின் படத்துக்குப் பதில் ஓர் ஓவியம். இத்தனையும் அன்றைய வியாபார வழக்கத்துக்கு எதிர். இசைத்தட்டை வெளியிட்ட கொலம்பியா நிறுவனத்துக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தும், அதன் தலைவர் காடர்ட் லீபர்ஸன் ப்ரூபெக்கின் பக்கம் நின்றதால் வெளியே வந்தது. அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும், பத்து லட்சத்தைத் தாண்டி விற்றது.

என் மகனுக்குப் பத்து வயது. எந்தப் பாட்டைக் கேட்டாலும் கீபோர்டில் வாசித்துவிடுவான். ஆனால் நோட்டேஷன் படிக்க வரவில்லை. இவனை கிரேடு பரீட்சைக்கு அனுப்ப முடியாது, இப்படியே போனால் உருப்பட மாட்டான் என்று வகுப்பில் சொல்லிவிட்டார்கள். மனசு விட்டுப்போய்விட்டது. உங்கள் ப்ரூபெக் என்ன சொல்வார்?
— ஒரு தகப்பனார், திருநெல்வேலி

ஐயா, இந்தக் கேள்விக்குப் பதில் எழுதத்தான் நான் மற்றதையெல்லாம் தள்ளிவைத்தேன் என்றுகூடச் சொல்லலாம். ஏனென்றால் ப்ரூபெக் உங்கள் மகன்தான்.

அவருடைய அம்மா பியானோ ஆசிரியை, இங்கிலாந்து வரைக்கும் போய்ப் பெரிய கலைஞர்களிடம் படித்துவிட்டு வந்தவர். மூன்று மகன்களுக்கும் வீட்டிலேயே சொல்லிக்கொடுத்தார். கடைக்குட்டி டேவுக்குப் பிறவியிலேயே பார்வைக் கோளாறு, தாளில் இருக்கும் புள்ளியும் கோடும் சரியாகப் படாது. ஆனால் அம்மா ஒருதடவை வாசித்துக் காட்டினால் போதும், காதில் வாங்கிக்கொண்டு அப்படியே திருப்பி வாசித்துவிடுவான். தாளைப் பார்த்து வாசிப்பதாக அம்மா நினைத்துக்கொண்டிருப்பார். அப்பா மாட்டுப் பண்ணைக்காரர். 45,000 ஏக்கர் பண்ணை ஒன்றை நிர்வகிக்க அவர் அயோன் என்ற ஊருக்குப் போனபோது, டேவ் குதிரைமேல் உட்கார்ந்து மணிக்கணக்காக மாடு ஓட்டியிருக்கிறான். குதிரைக் குளம்பு ஒரு கணக்கில் போகும், தலைக்குள் இவன் வேறு கணக்கில் ஒரு தாளத்தை அதன்மேல் ஓட்டிக்கொண்டு போவான். வயலில் தண்ணீர் இறைக்கும் மோட்டாரின் சத்தத்தோடும் இதே விளையாட்டு. கிணற்று மோட்டார் சத்தத்தில் நமக்கும் ஒரு தாளம் கேட்டிருக்கும்தானே, அதேதான். பிற்காலத்தில் உலகம் வியந்த கணக்கெல்லாம் தனக்கு அந்தப் பண்ணையில் தொடங்கியது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

மாட்டு வைத்தியம் படிக்கத்தான் ஸ்டாக்டன் நகரத்துக் கல்லூரிக்குப் போனார், 1938-இல். விலங்கியல் பேராசிரியர் கொஞ்ச நாள் பார்த்துவிட்டு, உன் மனசு இங்கே இல்லை, புல்வெளிக்கு அந்தப் பக்கம் இசைத்துறையில் இருக்கிறது, அங்கேயே போய்விடு, உன் நேரமும் என் நேரமும் மிச்சம் என்றார். போனார். கடைசி ஆண்டுவரை அவருக்கு நோட்டேஷன் படிக்க வராது என்று யாருக்கும் தெரியவில்லை. பியானோ வகுப்பில் அது வெளிப்பட்டுவிட்டது. பட்டமே கொடுக்க முடியாது என்று துறைத் தலைவர் சொல்லிவிட்டார். வேறு சில ஆசிரியர்கள் குறுக்கே வந்து, இந்த வகுப்பிலேயே இசை எழுதும் மூளை இவனுக்குத்தான் அதிகம் என்று வாதாடியிருக்கிறார்கள். கடைசியில் ஒரு நிபந்தனையோடு பட்டம் கிடைத்தது: வாழ்நாளில் யாருக்கும் பியானோ சொல்லிக்கொடுக்கக் கூடாது. அவர் கொடுத்த வாக்கு அது. பின்னாளில் அதே கல்லூரி, பல்கலைக்கழகமாக வளர்ந்தபிறகு, அவர் பெயரிலேயே ஓர் இசை நிலையத்தைத் தொடங்கியது.

ஆனால் இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் நான் உங்களுக்குப் பாதி உண்மையைத்தான் சொன்னவன் ஆவேன். போர் முடிந்து ராணுவத்திலிருந்து திரும்பியதும், 1946-இல், ஓக்லண்டில் மில்ஸ் கல்லூரியில் பிரெஞ்சு இசையமைப்பாளர் டேரியஸ் மியோவிடம் போய் உட்கார்ந்தார். எழுதப்படிக்கத் தடுமாறிக்கொண்டேதான் கற்றார், ஆனால் கற்றார். பிற்காலத்தில் நூறு பேர் பாடும் பாடகர் குழுவுக்கும் முழு வாத்தியக் குழுவுக்கும் மணிக்கணக்கில் ஓடும் இசையைக் கையால் எழுதினார். அது நோட்டேஷன் இல்லாமல் நடக்காது. மியோ செய்த பெரிய நல்லது, ஜாஸை விட்டுவிடாதே, உனக்குக் கையில் இருப்பதை வைத்துக்கொண்டே மேலே போ என்றதுதான். அந்த நன்றியில் ப்ரூபெக் தன் மூத்த மகனுக்கு டேரியஸ் என்று பெயர் வைத்தார்.

அதனால், உங்கள் மகனை வேறு ஆசிரியரிடம் அழைத்துப் போங்கள். காதால் வாசிப்பதைத் திட்டாமல், அவன் ஏற்கெனவே வாசிக்கிற பாட்டையே தாளில் எழுதச் சொல்லித்தருகிற ஒருவரிடம். கையில் இருக்கும் பாட்டிலிருந்து எழுத்துக்குப் போகிற வழி பல பிள்ளைகளுக்குச் சுலபம், மெல்லிசைக் குழுவில் நான் கீபோர்டு வாசித்த காலத்தில் கூட இருந்தவர்கள் பலரும் அப்படித்தான் கற்றார்கள். இன்னொன்று, கண்ணை ஒருதடவை பரிசோதித்துவிடுங்கள்.

ஜாஸ் வாசித்து அந்தக் காலத்தில் குடும்பம் நடத்த முடிந்ததா?
— வாசகர், சேலம்

முதலில் முடியவில்லை. எட்டுப் பேர் கொண்ட குழு வைத்தார், வாய்ப்பே இல்லை. அப்புறம் மூவர் குழு. பிள்ளைகள் பிறந்துகொண்டிருந்தார்கள், மொத்தம் ஆறு பேர். 1951-இல் டெஸ்மண்டோடு நால்வர் குழுவைத் தொடங்கியபிறகும், புகையும் சத்தமும் நிறைந்த இரவு விடுதிகளில் வாசிக்கிற பிழைப்புதான்.

திருப்பம் அவர் மனைவி ஐயோலாவிடமிருந்து வந்தது. மேற்குக் கரைக் கல்லூரிகளின் முகவரிகளைத் திரட்டி, ஒவ்வொன்றுக்கும் உட்கார்ந்து கடிதம் எழுதினார்: எங்கள் குழுவை உங்கள் மாணவர்களுக்கு முன்னால் வாசிக்கக் கூப்பிடுங்கள். அன்றைக்கு ஜாஸ் குழு கல்லூரி அரங்கத்தில் உட்கார்ந்து கேட்கும் கூட்டத்துக்கு வாசிப்பது என்பதே அபூர்வம். கூப்பிட்டார்கள். ஒப்பர்லின் கல்லூரியில் 1953-இல் பதிவான கச்சேரியைக் கேளுங்கள், மாணவர்கள் போடுகிற சத்தத்திலேயே அந்தக் கடிதங்களின் பலன் தெரியும். அடுத்த ஆண்டு கொலம்பியா நிறுவனத்தோடு ஒப்பந்தம், நவம்பரில் 'டைம்' பத்திரிகையின் அட்டைப்படம்.

அந்த அட்டைப்படக் கதையை நான் எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை. ஜாஸ் மேதை டியூக் எலிங்டனும் ப்ரூபெக்கும் ஒன்றாகச் சுற்றுப்பயணத்தில் இருந்தார்கள், டென்வரில் ஒரு விடுதி. காலை ஏழு மணிக்கு யாரோ கதவைத் தட்டுகிறார்கள். திறந்தால் எலிங்டன் நிற்கிறார், கையில் பத்திரிகை: பார், அட்டையில் நீ. ப்ரூபெக்குக்குச் சந்தோஷம் வரவில்லை, அவமானமாக இருந்தது என்றே கடைசிவரை சொன்னார். தான் குருவாக நினைத்த மனிதர், தனக்கு முன்னால் அந்த அட்டையில் வந்திருக்கவேண்டிய கறுப்பினக் கலைஞர், தன் கதவைத் தட்டி அதைக் கொண்டுவந்து கொடுத்தார் என்பதை அவரால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. எலிங்டனுக்காக 'தி டியூக்' என்று அவர் எழுதிய மெட்டை 1957-இல் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் பெரிய வாத்தியக் குழுவோடு பதிவுசெய்தார்.

அவர் வாசிப்பு முரட்டுத்தனமாக இருக்கிறது, ஜாஸுக்குரிய நெளிவே இல்லை என்று ஒரு விமர்சனம் படித்தேன். உண்மையா?
— வாசகி, திருச்சி

கொஞ்சம் உண்மை. அடுக்கடுக்காகக் கனத்த சுரக்கூட்டங்களை இரண்டு கையாலும் இறக்குவார், சில கச்சேரிப் பதிவுகளில் அது கேட்கிறவரை அழுத்தத்தான் செய்கிறது. ஆனால் காரணத்தில் பாதி அவர் உடம்பில் இருந்தது. 1951-இல் ஹவாய்க் கடலில் பாய்ந்தபோது தலை மணல் திட்டில் மோதிக் கழுத்தில் பலத்த அடி. பிழைத்ததே பெரிது. கைக்குப் போகும் நரம்புகள் பழுதாகி, பல ஆண்டுகள் விரல்களில் வலி இருந்தது. ஒற்றைச் சுரங்களை வேகமாக உதிர்ப்பதைவிட மொத்தமாகப் பிடிப்பது அவருக்குச் சாத்தியமாக இருந்தது, அந்த வழியிலேயே போனார். அந்தக் கனத்துக்குப் பக்கத்தில் டெஸ்மண்டின் சாக்ஸபோன் காற்றில் துணி அசைகிற மாதிரி லேசாக வரும். இரண்டும் சேர்ந்ததுதான் அந்தக் குழுவின் ருசி. ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை மட்டும் எடைபோட்டால் தப்பாகத்தான் வரும். மென்மையாக வாசிக்கத் தெரியாதவர் என்றால் 'இன் யுவர் ஓன் ஸ்வீட் வே' என்ற மெட்டை எழுதியிருக்க முடியாது.

நிறவெறியால் அவருடைய கச்சேரிகள் ரத்தானதாக எங்கோ படித்தேன். அவர் வெள்ளையர்தானே?
— வாசகர், அம்பத்தூர்

வெள்ளையர்தான். 1958-இலிருந்து குழுவில் டபுள் பேஸ் என்ற பெரிய தந்தி வாத்தியம் வாசித்த யூஜின் ரைட் கறுப்பினத்தவர்.

இதைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்லவேண்டும். டேவ் சின்னப் பையனாக இருந்தபோது அப்பா அவனை ஆற்றங்கரைக்கு ஒரு நண்பரைப் பார்க்கக் கூட்டிப்போனார். டேவ் வாழ்க்கையில் பார்த்த முதல் கறுப்பின மனிதர் அவர். அப்பா அவரிடம், டேவுக்குச் சட்டையைத் திறந்து காட்டு என்றார். திறந்தார். நெஞ்சில் மாட்டுக்குப் போடுகிற சூட்டுத் தழும்பு. பண்ணையில் வளர்ந்த பையன், அது என்ன என்று அவனுக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. இப்படியெல்லாம் நடக்கக் கூடாது என்று மட்டும் அப்பா சொன்னாராம். எண்பது வயதை நெருங்கும்போது தொலைக்காட்சி ஆவணப்படம் ஒன்றில் இதைச் சொல்ல ஆரம்பித்து, முடிக்க முடியாமல் அழுதார் ப்ரூபெக். நான் பார்த்திருக்கிறேன், மறக்க முடியவில்லை.

இரண்டாம் உலகப்போரில் ஐரோப்பாவுக்குப் போன படையில் சாதாரணச் சிப்பாய் அவர். செஞ்சிலுவைச் சங்கக் கலைநிகழ்ச்சிக்குப் பியானோ வாசிக்க ஆள் வேண்டும் என்றபோது கையைத் தூக்கினார். வாசிப்பைக் கேட்ட மேலதிகாரி, இவனைப் போர்முனைக்கு அனுப்பாதே, ஒரு வாத்தியக் குழு அமைக்கட்டும் என்றார். படையில் கறுப்பர் வேறு, வெள்ளையர் வேறு என்று பிரித்து வைத்திருந்த காலத்தில், அவர் அமைத்த குழுவில் இருவரும் ஒன்றாக வாசித்தார்கள்.

சரி, கச்சேரிகள் விஷயம். 1958 பிப்ரவரியில் வட கரோலினாவில் ஈஸ்ட் கரோலினா கல்லூரியில் ஒரு கச்சேரி. மேடை ஏறப்போகும் நேரத்தில், பேஸ் வாசிப்பவர் ஏறக் கூடாது என்றார்கள். அப்படியென்றால் நாங்கள் யாருமே ஏறவில்லை என்றார் ப்ரூபெக். அரங்கத்தில் மாணவர்கள் காலைத் தரையில் உதைத்துச் சத்தம் போட ஆரம்பித்துவிட்டார்கள். கடைசியில் நிர்வாகம் இறங்கிவந்து, அவர் பின்னால் மறைவாக நிற்கட்டும் என்றது. ப்ரூபெக் சரி என்று ஏறினார். கொஞ்ச நேரம் போனதும் ரைட்டிடம், உன் மைக் வேலை செய்யவில்லை, முன்னால் வந்து நான் பேசுகிற மைக்கில் வாசி என்றார். ரைட் மேடையின் முன்பக்கம் வந்து நின்று தனி வாசித்தார். அரங்கம் எழுந்து ஆர்ப்பரித்தது. இதே குழுதான் அடுத்து அமெரிக்க அரசின் சார்பில் வெளிநாடுகளுக்குப் போகவிருந்தது, சுதந்திர நாட்டின் இசை இது என்று காட்டுவதற்காக.

1960-இல் தென் மாநிலக் கல்லூரிகளில் 25 கச்சேரிகள் ஏற்பாடாகியிருந்தன. ரைட்டுக்குப் பதில் ஒரு வெள்ளைக்காரரைக் கூட்டிவந்தால் நடத்தலாம் என்று கல்லூரிகள் ஒவ்வொன்றாகச் சொல்ல, ப்ரூபெக் முடியாது என்ற ஒரே பதிலைத்தான் கொடுத்தார். இருபதுக்கும் மேற்பட்ட கச்சேரிகள் போயின. ஆறு பிள்ளைகள் வைத்திருக்கும் குடும்பஸ்தருக்கு அது எவ்வளவு பெரிய வருமானம் என்று யோசித்துப் பாருங்கள். தேசிய அளவில் ஓடும் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ரைட்டைக் கேமராவில் படாமல் நிறுத்தப் பார்த்தபோதும் எழுந்து வந்துவிட்டார். என்னைக் கேட்டால், அவர் இசை வாழ்க்கையை எழுதும்போது டைம் அவுட் எந்தப் பக்கத்தில் வருகிறதோ அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், இந்தக் கச்சேரி நடக்காத 1960-ஐயும் எழுதவேண்டும்.

இந்தக் கோபத்தை அவரும் ஐயோலாவும் சேர்ந்து ஓர் இசை நாடகமாகவும் எழுதினார்கள், 'தி ரியல் அம்பாசடர்ஸ்'. உலகத்துக்கெல்லாம் நாட்டின் தூதராகப் போகிற கறுப்பினக் கலைஞருக்குச் சொந்த ஊரில் என்ன மரியாதை என்பதுதான் கேள்வி. பாட்டு வரிகள் ஐயோலாவுடையவை. முக்கியப் பாத்திரம் டிரம்பெட் கலைஞரும் பாடகருமான லூயி ஆர்ம்ஸ்ட்ராங். சிரிப்பு வரவேண்டும் என்று எழுதிய வரிகள் சிலவற்றை ஆர்ம்ஸ்ட்ராங் கண்ணில் நீரோடு பாடினார் என்று ப்ரூபெக் சொல்லியிருக்கிறார். 1962-இல் மான்டரே ஜாஸ் விழாவில் மேடை ஏறியது.

அவர் இலங்கை வந்ததாக அப்பா சொல்வார். உண்மையா? இந்தியாவுக்கும் வந்தாரா?
— வாசகர், யாழ்ப்பாணம்

அப்பா சொன்னது சரி. மேலே சொன்ன 1958 பயணம்தான். போலந்து, துருக்கி, இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், ஈரான், ஈராக் என்று நீண்ட பயணம். மதராஸுக்கும் வந்தார்கள். இங்கே ஜோ மொரெல்லோ சந்தித்தது மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையை. இடக்கையால் வாசித்து, இடக்கைக்காரர் என்பதற்காகவே வாய்ப்புகள் மறுக்கப்பட்டும் உச்சிக்கு வந்த பழனி. பிறவியிலேயே பார்வை மங்கலான மொரெல்லோ. ஒருவர் பாஷை இன்னொருவருக்குத் தெரியாமல், கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்திருப்பதை என்னால் கற்பனை செய்ய முடிகிறது, அந்த அறையில் ஒரு மூலையில் இருந்திருக்கக் கூடாதா என்ற ஏக்கமும் உண்டு.

அதற்காக டேக் ஃபைவ் மதராஸில் பிறந்தது என்று நாம் எழுதிக்கொள்ள வேண்டாம், கும்பகோணத்து வாசகருக்குச் சொன்னதுதான். பயணத்தின் நினைவாக ப்ரூபெக் ஓர் இசைத்தட்டே போட்டார், நாட்டுக்கு ஒரு மெட்டு. இந்தியாவுக்கு 'கல்கத்தா ப்ளூஸ்'. அதில் மொரெல்லோ சில இடங்களில் டிரம்ஸைக் குச்சி இல்லாமல் கையாலேயே வாசிப்பார், தட்டுகிற விதத்திலேயே எங்கே போய்வந்த கை என்று தெரியும்.

குழு எப்போது கலைந்தது? அப்புறம் என்ன செய்தார்?
— வாசகி, பெங்களூரு

1967 டிசம்பரில். புகழின் உச்சியில் இருக்கும்போதே கலைத்தார், காரணம் பெரிய இசை எழுத நேரம் வேண்டும் என்பதுதான். அடுத்த இரண்டு ஆண்டுக்குள் இரண்டு பெரிய சமய இசைப் படைப்புகள். இரண்டாவதான 'தி கேட்ஸ் ஆஃப் ஜஸ்டிஸ்' யூத வேத வரிகளையும் மார்ட்டின் லூதர் கிங்கின் சொற்களையும் சேர்த்துக் கோத்தது. கிங் கொல்லப்பட்டு ஓராண்டுதான் ஆகியிருந்தது. பிறகு கத்தோலிக்கப் பூசைக்கு இசையமைத்தபோது, கர்த்தர் கற்பித்த ஜெபம் எங்கே என்று ஒரு பாதிரியார் கேட்க, அதை எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லையே என்றிருக்கிறார். சில நாளில் அந்த ஜெபம் முழு இசையோடு கனவில் வந்ததாம். எழுந்து எழுதிச் சேர்த்தார், 1980-இல் கத்தோலிக்கராகவே ஆனார்.

மகன்களோடு வாசித்தார், 1976-இல் பழைய நால்வரும் ஒருதடவை கூடினார்கள், 1988-இல் மாஸ்கோவில் அமெரிக்க அதிபர் ரேகன், சோவியத் தலைவர் கோர்பச்சேவ் விருந்தில் வாசித்தார். தொண்ணூறு வயதை ஒட்டியும் மேடை ஏறிக்கொண்டிருந்தார். இதய மருத்துவரைப் பார்க்க மகன் டேரியஸோடு போகும் வழியில் உயிர் பிரிந்தது. ஐயோலா 2014-இல். ரைட் எல்லோருக்கும் கடைசியாக, 2020 டிசம்பரில், 97 வயதில்.

நான் மிருதங்கம் கற்கிறேன், நாலாவது வருஷம். டேக் ஃபைவோடு சேர்ந்து வாசித்துப் பார்க்கலாமா? எங்கே தொடங்குவது?
— மாணவி, மயிலாப்பூர்

தாராளமாக. முதல் மூன்று நாள் மிருதங்கத்தைத் தொடாமல் தாளம் மட்டும் போடுங்கள், தகிட தக என்று வாயில் சொல்லிக்கொண்டே. பாட்டின் நடுவில், டெஸ்மண்ட் ஊதி முடித்தபிறகு, மொரெல்லோவின் தனி வரும். நாம் தனியாவர்த்தனத்தில் எதிர்பார்ப்பது போல அவர் சொற்களைக் கொட்ட மாட்டார். ஒரு அடி, பிறகு பெரிய இடைவெளி, மறுபடி ஓர் அடி. அந்த இடைவெளியில் உங்கள் கை துடிக்கும், எதையாவது போட்டு நிரப்பலாம் என்று தோன்றும். நிரப்பாதீர்கள். அப்போது காதைப் பியானோவுக்குத் திருப்புங்கள். மேளக்காரர் எங்கே போனாலும் திரும்பி வர வாசல் திறந்திருக்கவேண்டும் என்று ப்ரூபெக் அங்கே அதே இரண்டு மூன்று சுரங்களை அசையாமல் போட்டுக்கொண்டிருப்பார், அவருடைய பெயர் பெரிதாக அச்சடித்த தட்டில், இந்தப் பாட்டில் தனக்கென்று ஒரு தனிகூட எடுத்துக்கொள்ளாமல். நீங்கள் முதலில் வாசிக்கவேண்டியது அந்தப் பியானோவின் பங்கு. அது கையில் நின்றதும் எனக்கு எழுதுங்கள், ப்ளூ ரோண்டோவின் ஒன்பதுக்குப் போகலாம்.